பிள்ளையின் சைனஸில் ‘சிஸ்ட்’ என்று ரிப்போர்ட் வந்தால்

பல்லுக்குக் கம்பி போட எடுத்த எக்ஸ்ரேயில், அல்லது சைக்கிளால் விழுந்து தலையில் அடிபட்டதற்கு எடுத்த சி.ரி. ஸ்கானில், யாரும் தேடாத ஒரு வரி வந்து நிற்கும்: ‘வலது கன்னச் சைனஸில் சிஸ்ட்’. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. பெரிய உறையிலிருந்து படத்தை எடுத்து ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் அரைவட்டமாக ஒரு வெளிறல் தெரியும். கட்டி என்றால் புற்றுநோயோ என்று ஒருவர் கேட்பார். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்கு மூக்கில் செய்த ஒப்பரேசனைச் சொல்வார். கனடாவிலிருந்து சித்தப்பா ‘நாளைக்கே வெட்டி எடுக்கச் சொல்லுங்கோ’ என்பார்.

இந்தப் பயத்தில் பெரும்பகுதி தேவையில்லாதது. சிஸ்ட் என்ற ஒரே பெயரில் வருகிற சங்கதிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒன்றைத் தொடவே தேவையில்லை. இன்னொன்றை வேரோடு எடுக்காவிட்டால் திரும்பி வரும். வேறொன்று கண்ணைத் தள்ளும். எது எது என்று பெற்றோருக்குத் தெரிந்தால், கிளினிக்கில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சரியான கேள்வியைக் கேட்கலாம். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். அந்த மண்ணில் இருக்கும் நாங்கள், எங்கள் பிள்ளையின் ரிப்போர்ட்டில் உள்ள ஒரு வரியைத் தமிழில் விளங்கிக்கொள்ள முடியாமல் தவிக்கத் தேவையில்லை.

சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது

‘அவனுக்குச் சைனஸ் இருக்கு’ என்று சொல்வது எங்கள் வழக்கம். உண்மையில் சைனஸ் நோயின் பெயர் இல்லை. முகத்து எலும்புகளுக்குள் இருக்கும், காற்று நிறைந்த குழிகள்தான் சைனஸ்கள். கன்னத்தில் ஒன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் சின்னச் சின்னதாகப் பல, நெற்றியில் ஒன்று, மூக்குக்குப் பின்னால் மண்டையோட்டின் நடுவில் ஒன்று என்று இரண்டு பக்கமும் சோடியாக இருக்கும். இடையில் உள்ள சின்னக் குழிகளை எத்மொயிட் சைனஸ் என்பார்கள். அந்தப் பெயரை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது வயது முக்கியம். கன்னத்துச் சைனஸும் எத்மொயிட் சைனஸும் பிறக்கும்போதே சிறிய அளவில் இருக்கும். நெற்றிச் சைனஸ் அப்படியில்லை. அது ஐந்தாறு வயதுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரத் தொடங்கி, பதின்ம வயதின் கடைசிவரை பெருத்துக்கொண்டு போகும். கன்னத்துச் சைனஸின் அடித்தளம் மூக்கின் தரைமட்டத்துக்கு இறங்கி வருவதற்குப் பன்னிரண்டு வயதளவு ஆகும். ஆகவே நாலு வயதுப் பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலையிடி என்று அழுதால், அதை நெற்றிச் சைனஸின் தலையில் போட முடியாது. அந்த வயதில் அங்கே குழியே இல்லை. கண் பார்வை, காய்ச்சல், ஒற்றைத் தலையிடி என்று வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

பழைய யாழ்ப்பாணத்துக் கல்வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே நீளமான விறாந்தை, பக்கங்களில் அறைகள். விறாந்தைதான் மூக்கு, அறைகள் சைனஸ்கள். ஒவ்வோர் அறைக்கும் விறாந்தைப் பக்கம் ஒரு சின்ன வாசல். ஆனால் கன்னத்து அறையின் வாசல் தரையோடு இல்லை, கூரைக்குக் கிட்ட, சுவரின் உச்சியில் இருக்கிறது.

அப்படியென்றால் அறைக்குள் சேரும் சளி எப்படி வெளியே போகிறது? தானாக வழிந்து போக முடியாது, மேலே தூக்கிக்கொண்டு போகவேண்டும். அந்த வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சைனஸின் உட்சுவர் முழுக்க மென்சவ்வு என்ற ஈரமான படை பூசியிருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். அவை ஒரு வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, சளியைத் தரையிலிருந்து சுவர்வழியே வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் நடக்கும் வேலை இது. நாங்கள் அறியாமலே அந்தச் சளி தொண்டைக்குப் போய், விழுங்கப்பட்டு முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சளி எப்போதும் அந்த மேல்வாசலுக்கே போகும். முன்னொரு காலத்தில் வைத்தியர்கள், தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும் என்று நினைத்து, சைனஸின் அடிப்பகுதியில் ஒரு புதுத் துளை போட்டார்கள். ஒஸ்திரியாவின் கிறாஸ் நகரத்தில் பேராசிரியர் மெஸ்ஸர்க்கிளிங்கர் எண்டொஸ்கோப் என்ற மெல்லிய பார்வைக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தபோது, சளி அந்தப் புதுத் துளையைச் சுற்றிக்கொண்டு, மேலே இருக்கும் பழைய வாசலுக்கே ஏறிப் போவது தெரிந்தது. துளை போட்ட பிறகும் பலருக்கு ஏன் சுகமாகவில்லை என்பது அதில் விளங்கியது. இயற்கையான வாசலை விசாலமாக்குவதுதான் வழி என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. இன்றைய சைனஸ் சத்திரசிகிச்சை முழுதும் அதன்மேல் நிற்கிறது.

தடிமன் பிடித்தால் மென்சவ்வு வீங்கி வாசல் அடைபடும், நுண்மயிர்களும் சோர்ந்துபோகும். சளி உள்ளேயே தேங்கும். தடிமன் மாற, வாசல் திறக்க, பெரும்பாலும் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கிவிடும்.

சரி, இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சைனஸ் என்பது காற்று அறை, அதன் வாசல் உயரத்தில், சளியை நுண்மயிர்கள் ஏற்றிப் போகின்றன. இனி வரும் எல்லாம் இந்த வாசலையும் சுவரையும் பற்றியது.

சிஸ்ட் என்ற பெயரில் வருபவை

சிஸ்ட் என்றால் நீர்மம் அடைத்த பை. பிள்ளைகளின் சைனஸில் அந்தப் பெயரில் அகப்படுபவற்றில் நாலைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, மிகச் சாதாரணமானது, தேக்கக் கட்டி. மென்சவ்வுக்குள் சளி சுரக்கும் குட்டிச் சுரப்பிகள் உண்டு. ஒன்றின் வாய் அடைத்தால் அது நிரம்பிப் பையாகும். சிலவேளை சுரப்பி அடைபடாமலே, சவ்வுக்கு அடியில் நீர் கோர்த்து மேலே தள்ளும். அறையின் தரைப்பூச்சு ஓரிடத்தில் காற்றோடி உப்பியதுபோல என்று வையுங்கள். வாசல் திறந்தே இருக்கிறது, அறையில் மிச்சம் எல்லாம் காற்று. எக்ஸ்ரேயில் தெரிந்த அந்த அரைவட்டம் பெரும்பாலும் இதுதான். வலியும் இல்லை, மூக்கடைப்பும் இல்லை. இது தானாக வற்றலாம், வெடித்து மஞ்சள் நிறத் தெளிநீராக மூக்கால் ஒழுகி முடியலாம், வருடக்கணக்காக அப்படியே கிடக்கவும் கிடக்கலாம். இது புற்றுநோயாக மாறுவதில்லை.

இரண்டாவது, மியூகோசீல். இது முற்றிலும் வேறு ஆள். அறையின் வாசலே முழுதாக மூடுண்டு போக, உள்ளே சளி சுரந்துகொண்டே இருக்கும் நிலை இது. அறை முழுக்க நிரம்பிய பிறகும் சுரப்பு நிற்காது. அழுத்தம் கூடிக் கூடிச் சுவரை மெலிதாக்கி வெளியே தள்ளும். எத்மொயிட் அறைகளுக்கும் கண்ணுக்கும் இடையில் இருப்பது கடதாசி போல மெல்லிய எலும்பு. அது தள்ளுப்பட்டால் கண் வெளியே பிதுங்கும், அல்லது ஒரு பக்கமாக விலகும், பார்வை இரட்டையாகும். பிள்ளைகளில் மியூகோசீல் அரிது. வரும்போது, அடிபட்டது, முன்னர் செய்த சத்திரசிகிச்சை, உடம்பின் சளியையே கெட்டியாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் ஆகியவற்றில் ஏதாவது பின்னணியில் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்கு உண்மையில் ஒப்பரேசன் தேவைப்படும் சந்தர்ப்பங்களில் இது முக்கியமானது. பெயர் அன்ட்ரோகோவனல் பொலிப். 1906இல் கிலியன் என்ற ஜெர்மானிய வைத்தியர் தெளிவாக விவரித்ததால் அவர் பெயராலும் அழைப்பார்கள். கன்னத்து அறையின் சுவரில் ஒரு சிஸ்டாகத்தான் தொடங்கும். அது வளர்ந்து வாசலால் வெளியே எட்டிப் பார்த்து, விறாந்தைக்குள் இறங்கி, பின்பக்கமாக நீண்டு, மூக்கும் தொண்டையும் சந்திக்கும் இடம்வரை போய்விடும். அறைக்குள் இருக்கும் பகுதி நீர்ப்பை, விறாந்தையில் தொங்குவது வெளிறிய, வழுவழுப்பான தசைபோன்ற திரட்சி. ஒற்றைப் பக்க மூக்கடைப்பு, குறட்டை, வாயால் மூச்சு விடுதல், சிலருக்கு வாயைத் திறந்தால் உள்நாக்குக்குப் பின்னால் ஏதோ தொங்குவது தெரிதல் என்று அறிகுறிகள் வரும். இதுவும் புற்றுநோய் இல்லை. ஆனால் மருந்தால் கரைவதில்லை.

நாலாவது பல்லிலிருந்து வருவது. கன்னத்து அறையின் தரைக்குக் கீழே மேல்வாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு முளைக்காத நிரந்தரப் பற்களும் அங்கேதான் காத்திருக்கின்றன. அப்படி முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி நீர் கட்டலாம், சூத்தை விழுந்து செத்த பல்லின் வேர்நுனியிலும் கட்டி வரலாம். அது தரையை மேலே தள்ளிக்கொண்டு அறைக்குள் புகும். படத்தில் சைனஸ் சிஸ்ட் மாதிரித்தான் தெரியும், வைத்தியமோ வாய் முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம்.

மூக்கடைப்புக்கு வேறு காரணங்கள்

பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரை கொள்கிறது, குறட்டை விடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்கவேண்டியது சிஸ்டை இல்லை, அடினோயிட்டை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதைத் திரட்சி அது. சின்ன வயதில் பெருத்து, வளர வளரச் சுருங்கும். அடுத்தது ஒவ்வாமை: தும்மல், மூக்கரிப்பு, தண்ணீர்போல ஒழுகல். ஒரு சின்னப்பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவதும் இயல்பே. இவற்றோடு சேர்ந்து ஒரு தேக்கக் கட்டியும் படத்தில் இருந்தால், பழி முழுக்கக் கட்டியின்மேல் விழுந்துவிடுகிறது. கட்டியை எடுத்தாலும் குறட்டை நிற்காது.

ஒரு மூக்கால் மட்டும், நாற்றத்தோடு சளி வருகிறதா? இரண்டு மூன்று வயதுப் பிள்ளை என்றால் உள்ளே மணியோ கச்சான் கொட்டையோ விளையாட்டுச் சாமான் துண்டோ இருக்கலாம். வட்டமான சின்னப் பற்றரியைப் பிள்ளை மூக்குக்குள் விட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. சில மணித்தியாலங்களிலேயே அது உள்ளே எரித்துப் புண்ணாக்கிவிடும்.

வைத்தியர் எப்படித் தீர்மானிக்கிறார்

முதலில் கேள்விகள். ஒரு பக்கமா இரண்டு பக்கமா? எவ்வளவு காலமாக? இரத்தம் வருகிறதா? கண்ணில் மாற்றம் உண்டா? பெற்றோர் பலர் ஸ்கானை நீட்டிவிட்டு மௌனமாக நிற்கிறார்கள். உண்மையில் பாதி விடை இந்தக் கேள்விகளில் இருக்கிறது. தேக்கக் கட்டி வலப்பக்கம், மூக்கடைப்பு இடப்பக்கம் என்றால் இரண்டுக்கும் உறவில்லை என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

அடுத்து எண்டொஸ்கோப். நுனியில் வெளிச்சமும் கமராவும் உள்ள மெல்லிய குழாய் அது. மரக்கச் செய்யும் மருந்தை மூக்குக்குள் விட்டுவிட்டு, சற்று வளர்ந்த, ஒத்துழைக்கும் பிள்ளைக்குக் கிளினிக்கிலேயே உள்ளே விட்டுப் பார்க்கலாம். பொலிப் இருந்தால் அப்போதே தெரியும், அடினோயிட்டும் தெரியும்.

படம் எடுப்பது அதற்குப் பிறகுதான். சாதாரண எக்ஸ்ரே பிள்ளைகளின் சைனஸ் விஷயத்தில் அதிகம் நம்பத்தக்கதல்ல, வீங்கிய சவ்வும் சளியும் கட்டியும் ஒரேமாதிரி வெளிறிக் கிடக்கும். சி.ரி. ஸ்கான் எலும்பைத் துல்லியமாகக் காட்டும். சுவர் மெலிந்திருக்கிறதா, வாசல் விரிந்திருக்கிறதா, பல்லோடு தொடர்பு உண்டா என்ற மூன்றுக்கும் அது பதில் சொல்லும். ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு, வளரும் உடம்பு கதிர்வீச்சுக்குக் கூடுதலாக ஆட்படும். ‘எதற்கும் ஒரு ஸ்கான் எடுத்துப் பார்ப்போம்’ என்று பெற்றோரே வற்புறுத்துவது சரியில்லை. கண்ணுக்கோ மூளைக்கோ கிட்ட உள்ள மென்மையான பகுதிகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும். அதில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் அசையாமல் நெடுநேரம் கிடக்கவேண்டும் என்பதால் சின்னப்பிள்ளைக்கு மயக்கமோ உறக்க மருந்தோ தேவைப்படலாம்.

தடிமன் நேரத்தில் எடுத்த ஸ்கான் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் ஆய்வு நல்ல சாட்சி. 1994இல் அமெரிக்காவில், புதிதாகத் தடிமன் பிடித்த 31 வளர்ந்தவர்களுக்கு ஸ்கான் எடுத்தார்கள். 87 வீதமானோரின் கன்னச் சைனஸில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. அன்ரிபயோட்டிக் கொடுக்காமலே இரண்டு கிழமை கழித்து மீண்டும் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெளிந்துவிட்டது. பெரியவர்களுக்கே அப்படி என்றால், வருடம் முழுக்கத் தடிமனோடு திரியும் பிள்ளைகளின் படத்தை எவ்வளவு நிதானமாக வாசிக்கவேண்டும்!

இரண்டு இடங்களில் மட்டும் வைத்தியர்கள் மிக எச்சரிக்கையாக இருப்பார்கள். கைக்குழந்தையின் மூக்கு நடுவில் திரட்சி இருந்தால் அது மூளையோடு தொடர்புள்ளதாக இருக்கலாம். பதின்ம வயதுப் பெடியனுக்கு ஒற்றைப் பக்க அடைப்போடு அடிக்கடி மூக்கால் இரத்தம் ஓடினால் அது இரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டியாக இருக்கலாம். இரண்டிலும் படம் பார்க்காமல் துண்டு வெட்டிச் சோதிப்பது ஆபத்து. ‘ஏன் உடனே வெட்டிப் பார்க்கவில்லை’ என்று வைத்தியரிடம் கோபப்படவேண்டாம்.

எதற்குக் காத்திருப்பு, எதற்குச் சத்திரசிகிச்சை

தேக்கக் கட்டிக்குப் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. ஒவ்வாமை இருந்தால் அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்ரெரொயிட் ஸ்பிறே, சேலைன் கழுவல். ‘ஒன்றும் செய்யத் தேவையில்லை’ என்று நிபுணர் சொன்னால் அது கைவிரிப்பு இல்லை, யோசித்து எடுத்த முடிவு. மிகப் பெரிதாகி வாசலை அடைத்து, அறிகுறிகளோடு பொருந்தினால் மட்டும் எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

மியூகோசீலுக்குச் சத்திரசிகிச்சைதான் வழி. பையை முழுதாக உரித்து எடுக்கவேண்டியதில்லை. மூடிக்கிடக்கும் அறைக்குப் பெரிய வாசலாக வெட்டி, விறாந்தையோடு நிரந்தரமாகத் திறந்துவிடுவார்கள். தேங்கிய சளி இறங்கியதும் அழுத்தம் விலகி, தள்ளுப்பட்ட கண் மெல்ல மெல்லத் தன் இடத்துக்கு வரும்.

அன்ட்ரோகோவனல் பொலிப்பில் மூக்கில் தொங்கும் பகுதியை மட்டும் இழுத்து எடுத்தால் வேலை லேசாக முடியும், கொஞ்சக் காலத்தில் அது திரும்பவும் வளரும். கன்னத்து அறைக்குள் அது எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறதோ, அந்த வேரோடு எடுக்கவேண்டும். அதற்கு வாசலை விரித்து, வளைந்து பார்க்கும் எண்டொஸ்கோப்பையும் வளைந்த கருவிகளையும் உள்ளே விடுவார்கள். பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: ‘வேர் எந்த இடத்தில் இருந்தது, முழுதாக எடுக்க முடிந்ததா?’

முன்பு இதற்கெல்லாம் மேலுதட்டைத் தூக்கி, முரசுக்கு மேலே வெட்டி, கன்னத்து எலும்பில் துளைபோட்டு உள்ளே போவார்கள். 1893இல் அமெரிக்காவில் கால்ட்வெல்லும் 1897இல் பாரிஸில் லூக்கும் தனித்தனியே சொன்ன முறை அது. பிள்ளைகளில் அந்த இடத்தில்தான் முளைக்காத பற்கள் இருக்கின்றன என்பதால் இப்போது இயன்றவரை தவிர்க்கிறார்கள். 1980களிலிருந்து பரவிய எண்டொஸ்கோப் முறையில் எல்லாம் மூக்குத்துளை வழியே நடக்கிறது. முகத்தில் வெட்டு இல்லை, தழும்பு இல்லை. பிள்ளைகளுக்கென 2.7 மில்லிமீற்றர் தடிப்புள்ள எண்டொஸ்கோப் உண்டு. முகம் வளர்வது தடைப்படுமோ என்ற பயம் ஆரம்பத்தில் வைத்தியர்களுக்கே இருந்தது. சிறுவயதில் இந்தச் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளைப் பல வருடம் கழித்து அளந்து பார்த்தபோது அப்படி வேறுபாடு காணப்படவில்லை.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. கண்ணும் மூளையும் மெல்லிய எலும்புக்கு அப்பால்தான் இருக்கின்றன. இரத்தப்போக்கு, கண் குழியில் காயம், மூளையைச் சூழ்ந்த நீர் கசிதல், உள்ளே தழும்பு ஒட்டுதல் ஆகியவை ஏற்படலாம். கடுமையானவை அரிது. அதனால்தான் ஸ்கான் படத்தைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே கண்முன் வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

சுருக்கமாக: தேக்கக் கட்டியை விட்டுவிடலாம், மியூகோசீலைத் திறந்துவிடவேண்டும், பொலிப்பை வேரோடு எடுக்கவேண்டும், பல்லிலிருந்து வருவதைப் பல்லோடு சேர்த்துக் கவனிக்கவேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையில் செய்தால் கட்டணம் இல்லை. ஆனால் திகதி வரக் காத்திருக்க நேரலாம். கண் மாற்றம் எதுவும் இல்லாத பொலிப்புக்குச் சில கிழமைகள் காத்திருப்பதால் பாதகம் இல்லை.

பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். அதற்கு முன் திட உணவும் பாலும் ஆறு மணித்தியாலம், தாய்ப்பால் நாலு மணித்தியாலம், வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் நிறுத்தவேண்டும் என்பது பொது விதி. வார்டில் சொல்லும் நேரத்தை அப்படியே பிடியுங்கள். ‘பசியில் பிள்ளை வாடுதே’ என்று அம்மம்மா இரகசியமாகக் கொடுக்கும் ஒரு பிஸ்கற், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். தடிமனோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் மயக்கமருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு கிழமைக்கு மூக்கைப் பலமாகச் சீறக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும், கேணியிலும் கடலிலும் நீந்தக் கூடாது. இரத்தம் கலந்த சளி சில நாட்கள் வருவது வழக்கம். நிற்காமல் இரத்தம் ஓடினாலோ, கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, தெளிந்த தண்ணீர் ஒரு மூக்கால் சொட்டினாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மூக்கைக் கழுவக் கிணற்றுத் தண்ணீரை நேரே எடுக்கவேண்டாம். பார்மசியில் வாங்கும் சேலைன், அல்லது கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் வைத்தியர் சொன்ன அளவு உப்பு போட்டது போதும்.

வேது பிடிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் பெரியவர்களுக்குச் சற்று இதமாக இருக்கும். சிஸ்டை அது கரைக்காது, பொலிப்பைச் சுருக்காது. போர்வைக்குள் கொதிதண்ணீர்ச் சட்டியோடு சின்னப்பிள்ளையை இருத்தினால் ஒரு அசைவில் மடியில் கவிழும். அந்தச் சூட்டுக்காயம் எந்தக் கட்டியையும்விட மோசமானது.

தடிமனோடு காய்ச்சலும் இருந்து, ஒரு கண் இமை சிவந்து வீங்கத் தொடங்கினால் கிளினிக் நாளைப் பார்த்திருக்கவேண்டாம். எத்மொயிட் அறையின் கிருமித்தொற்று கண்குழிக்குப் பரவுவதன் அடையாளமாக அது இருக்கலாம், சில மணித்தியாலமும் பெறுமதியானது.

பொலிப் எடுத்த பிள்ளையை, மூச்சு நன்றாக வருகிறது என்பதற்காகக் கிளினிக்குக்குக் கொண்டுபோகாமல் விடாதீர்கள். மூக்கு அடைபட முன்னரே எண்டொஸ்கோப்பில் மீள்வளர்ச்சி தெரிந்துவிடும். போகும்போது பழைய படமும் சீடியும் கிளினிக் கொப்பியும் ஒரே உறைக்குள் இருக்கட்டும். பழையது கையில் இல்லாததால் மட்டும் இன்னொரு ஸ்கான் எடுக்கவேண்டி வருவது பிள்ளைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு.